பயம் தெளிவிக்கும் வேலை

நரிக்குடிப் பக்கத்தில் ஒரு குழந்தை ராத்திரியில் தூக்கிவாரிப் போட்டு எழுந்தால், சோறு இறங்காமல் சோர்ந்து கிடந்தால், காரணம் தெரியாமல் விம்மினால், அதற்குப் பெயர் 'பயந்த கோளாறு'. அதைத் தெளிவிக்க ஆட்கள் உண்டு. திருநீறு மந்திரித்துப் போடும் பாட்டி, கறுப்புக் கயிறு கட்டிவிடும் பூசாரி, தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதும் பள்ளிவாசல், எதற்கும் அடங்காவிட்டால் உடுக்கையோடு வரும் கோடாங்கி. எந்த மதத்து வாசல் என்றெல்லாம் எங்கள் அம்மாக்கள் பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் பயம் தெளிந்தால் போதும்.

குழந்தைகளின் பயத்துக்கும் பதின்வயதினரின் சோர்வுக்கும் இன்று உலகம் முழுவதும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சுருக்கமாக, சிபிடி. நாம் நினைப்பதும், உணர்வதும், செய்வதும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் என்பது இதன் அடிப்படை. 'எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்' என்று நினைக்கும் பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காது. வாயைத் திறக்காததால் அந்த நினைப்பைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது. நினைப்பு இன்னும் கெட்டிப்படும். அந்த முடிச்சை எங்கிருந்து அவிழ்ப்பது என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும், பயப்படும் காரியத்தைச் சிறிய படியிலிருந்து தொடங்கிச் செய்து பார்க்கத் துணை நிற்பதும்தான் சிகிச்சை.

நான் நரிக்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, மதுரையில் சமூகப்பணி படித்தவள். இந்தச் சிகிச்சையின் அடிப்படைகளைப் பள்ளி ஆசிரியைகளுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், கிராமச் செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பயிற்சிக் கையேடுகளின் தொடக்கத்தில் ஒரு பக்க வரலாறு இருக்கும். ஜான் வாட்சன், ஜோசப் வோல்பே, ஆல்பர்ட் எல்லிஸ், ஆரோன் பெக் என்று பெயர்கள் வரிசையாக வரும். எதிரே பாயில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலகையில் இருக்கும் பெயர்களுக்கும் பாயில் இருக்கும் முகங்களுக்கும் நடுவிலுள்ள வரலாறு என்ன? ஒரு சிறுமியின் எந்த எண்ணம் 'தவறான எண்ணம்' என்பதை அந்த வரலாற்றில் யார் முடிவு செய்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திருச்சுழிப் பையன்

பயத்தின் வரலாற்றில் எங்கள் வட்டாரத்துக்கு உலகறிந்த இடம் ஒன்று உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயதில், 1896 ஜூலையில் மதுரையில் உறவினர் வீட்டில் இருந்தபோது, திடீரென்று மரண பயத்துக்கு ஆளானார். உடம்பில் நோய் ஏதும் இல்லை. அவர் பயத்தைவிட்டு ஓடாமல், செத்தவரைப் போலப் படுத்துக்கொண்டு, சாவது எது என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

அவருடைய ஆன்மிகத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதே ஆண்டில், அதே தெருவில், 16 வயதுப் பெண் ஒருத்திக்கு அதே பயம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் யோசனை. அந்த வயதில் அநேகமாக அவளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். செத்தவளைப் போலக் கிடந்தால் 'காத்து கருப்பு அடிச்சிருச்சு' என்று வேப்பிலை வந்திருக்கும். வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் பட்டம் 'ஓடுகாலி'. பையனின் பயம் தத்துவமாகும். பெண்ணின் பயம் பேயாகும்.

பெண்பிள்ளைகளுக்குப் பயத்தைக் கற்றுத்தர நம் ஊர்களில் நீண்டகாலமாக ஒரு பாடத்திட்டம் நடந்துவருகிறது. 'உச்சி வேளையில் கண்மாய்க் கரைக்குப் போகாதே.' 'தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்காதே.' வயதுக்கு வந்த பிள்ளையைக் குச்சிலில் உட்காரவைத்து, பக்கத்தில் இரும்பையும் வேப்பிலையையும் வைத்தபோது அவளுக்குச் சொல்லப்பட்ட பாடம் இதுதான்: இனி உன் உடம்பே ஆபத்து. இந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் இதில் தோற்றவளும் கிடையாது. குழந்தைகளின் பயத்தைத் தெளிவிக்க வருகிற எந்த மருத்துவமும், பெண்பிள்ளை விஷயத்தில், இந்தப் பழைய பாடத்திட்டத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

முயலும் மூன்று பெண்களும்

குழந்தைகளின் பயத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த புகழ்பெற்ற சோதனை 1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியானது. ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 'ஆல்பர்ட்' என்று பெயரிட்ட ஒரு கைக்குழந்தையின் முன்னே வெள்ளெலியை விட்டு, குழந்தை அதைத் தொடப்போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். சில முறைகளுக்குப் பிறகு, சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலே குழந்தை அலறியது. பயத்தைக் கற்பிக்க முடியும் என்று நிரூபணம் ஆயிற்று. கற்பித்த பயத்தை எடுக்க யாரும் முயலவில்லை. குழந்தை அங்கிருந்து போய்விட்டது.

அந்தக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு தகவல் வரும். குழந்தையின் தாய் அந்த வளாகத்தில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் செவிலித்தாய். மற்றவர்களின் குழந்தைகளுக்குப் பாலூட்டிச் சம்பளம் வாங்கியவள். அவள் பிள்ளை அங்கே கையெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் சோதனைக்கு வாய்த்தது. உளவியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் இந்தச் சோதனையில், அவளிடம் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்பதற்கு இடமில்லை. ரேய்னரின் கதையும் சீக்கிரமே மங்கியது. அவருக்கும் வாட்சனுக்கும் இருந்த உறவு வெளியே தெரிந்து, வாட்சன் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. இருவரும் மணந்துகொண்டார்கள். வாட்சன் விளம்பரத் துறையில் பெரிய ஆளானார். ரேய்னர் 1935இல், 40 வயதைத் தொடாமலேயே இறந்துபோனார்.

ரேய்னரோடு வாஸர் கல்லூரியில் படித்த தோழி ஒருவர் இருந்தார்: மேரி கவர் ஜோன்ஸ். பயத்தை உண்டாக்க முடியுமென்றால் அதை எடுக்கவும் முடிய வேண்டுமே என்பது அவருடைய கேள்வி. மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற பையனுக்கு முயலைக் கண்டால் பயம். மேரி அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார். நாளாக ஆகக் கூண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான். 1924இல் அந்த ஆய்வு வெளியானது.

இன்று உலகில் எந்த மூலையில் குழந்தைகளுக்கான சிபிடி கற்பித்தாலும், பயத்தைப் படிப்படியாக நெருங்கும் பாடத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பிற்காலத்தில் ஜோசப் வோல்பே அவரை 'நடத்தைச் சிகிச்சையின் தாய்' என்று அழைத்தார். தாய் என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். பேராசிரியர் என்ற பதவிதான் கிடைக்காது. மேரி கலிபோர்னியாவில் பதின்வயதினரைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வில் உழைத்தார். அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி வந்தது 1959இல், ஓய்வு பெறும் தறுவாயில்.

மேரி செய்த வேலையை நான் பயிற்சியில் விளக்கும்போது, எங்கள் பெண்கள் யாரும் அதிசயப்படுவதில்லை. நாய்க்குப் பயந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, எட்டி நின்று நாய்க்குச் சோறு போட்டு, மறுநாள் இன்னும் இரண்டு எட்டு கிட்டே போவது அவர்கள் செய்கிற காரியம்தான். அதனால் நம் பாட்டிகள் எல்லாம் உளவியலாளர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேப்பிலையால் அடித்தவர்களும் பாட்டிகள்தான். மேரி செய்ததன் சிறப்பு, ஒவ்வொரு நாளும் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதிவைத்ததில் இருக்கிறது. பயம் தெளிவிப்பது அதன்பிறகுதான் ஒருவர் இன்னொருவருக்குக் கற்பிக்கக்கூடிய தொழிலாக மாறத் தொடங்கியது.

உரிமம் இருக்கும் ஊர்

1960களில் ஆரோன் பெக், சோர்வில் இருப்பவர்களின் எண்ண ஓட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார். நடத்தைச் சிகிச்சையும் எண்ணங்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சியும் சேர்ந்து சிபிடி ஆயிற்று. குழந்தைகளுக்காக அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பிலிப் கெண்டல். 9 முதல் 13 வயது வரையிலான, பதற்றத்தால் அவதிப்பட்ட 47 பிள்ளைகளோடு அவர் செய்த ஆய்வு 1994இல் வந்தது. அதன்பிறகு கையேடுகள் பெருகின. கையேடு வந்தால் பயிற்சி வரும். பயிற்சி வந்தால் சான்றிதழும் கட்டணமும் வரும்.

இந்தியாவில் இந்த வரலாறு நகரங்களின் வரலாறு. குழந்தைகளுக்கான வழிகாட்டு மருத்துவமனை முதன்முதலாக 1937இல் பம்பாயில், இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் தொடங்கியது. பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. 1974இல் அது நிம்ஹான்ஸ் ஆனது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். தென்னிந்தியாவில் சமூகப்பணியைத் தொழில்முறையாகக் கற்பிக்க வந்த முதல் நிறுவனம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன், 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். பூட்டிவைக்கும் இடமாக இருந்ததை மருத்துவம் பார்க்கும் இடமாக மாற்றிய தலைமுறையில் அவர் முன்னணியில் இருந்தார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பையும் தொடங்கினார். நிம்ஹான்ஸின் மாளவிகா கபூர், பிள்ளைகளின் மனச்சிக்கலை முதலில் காணக்கூடியவர் ஆசிரியர் என்று சொல்லி, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையைப் பல்லாண்டுகள் செய்தார். இந்தியப் பள்ளிகளில் மனநலம் பற்றிய அவருடைய நூல் 1997இல் வந்தது.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்துக்குப் பிறகு, மருத்துவ உளவியலாளர் என்று பெயர் போட்டுக்கொள்ள அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் வேண்டும். வேண்டியதுதான். கண்டவரும் பிள்ளைகளின் மனதில் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பதிவு பெற்றவர் நரிக்குடிக்கு எப்போது வருவார்? 2018இல் ஒன்றிய அரசு வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து எடுத்த இரண்டு மாவட்டங்கள் விருதுநகரும் ராமநாதபுரமும். மானாவாரிப் பருத்தியும் மிளகாயும் குதிரைவாலியும் போட்டு, மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பூமி. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. 300 பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 20 பிள்ளைகளுக்கு மேல் வரும். அந்த 20 பேரைப் பார்க்கப்போகிறவர் வகுப்பாசிரியைதான். 2020இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டமும், பள்ளிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு ஆசிரியர்களிடம்தான் இந்தப் பொறுப்பைக் கொடுக்கிறது.

இரண்டு நாள் பயிற்சியும் அதற்குப் பிறகும்

பட்டம் இல்லாத பெண்களால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்று நிரூபித்த பெரிய ஆய்வு ஒன்று நம் பக்கத்து நாட்டில் நடந்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு சிபிடி அடிப்படையிலான முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பேறுகாலச் சோர்வில் இருந்த தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 903 தாய்மார் பங்கெடுத்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் சோர்வு நோய் இருந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதையே கையேடாக வெளியிட்டது.

அதில் எனக்கு உறுத்தும் விஷயமும் ஒன்று உண்டு. அந்தப் பணியாளர்கள் 'உனக்கு மனநோய்' என்று சொல்லிப் போகவில்லை. குழந்தையின் நலத்துக்காக வந்திருப்பதாகச் சொல்லித்தான் வீட்டுக்குள் போனார்கள். மாமியார் கதவைத் திறப்பதற்கு அது உதவியது. புத்திசாலித்தனமான வழி. ஆனால் ஒரு பெண்ணின் துக்கம், அவள் பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் வீட்டுக்குள் அனுமதிக்கப்படும் என்பதையும் சேர்த்தே அந்த வெற்றி நமக்குச் சொல்கிறது.

அங்கே தொடக்கப் பயிற்சி சில நாட்கள்தான். ஆனால் மாதாமாதம் பணியாளர்கள் ஒன்றுகூடி, மேற்பார்வையாளரோடு தங்கள் சிக்கல்களைப் பேசினார்கள். நம் ஊரில் நடக்காமல் போவது இந்த இரண்டாவது பகுதி. பேனர், குத்துவிளக்கு, ப்ரொஜெக்டர், மதியச் சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ. இத்தோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. 2010இல் ரினாட் பெய்டாஸும் பிலிப் கெண்டலும் சிகிச்சையாளர் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பட்டறையில் உட்கார்ந்து கேட்பது அறிவைக் கூட்டும்; செய்கையை மாற்ற, தானே செய்து பழகுவதும் தொடர்ந்த மேற்பார்வையும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நீச்சலைப் படம் போட்டுக் காட்டினால் யாரும் கிணற்றில் இறங்கமாட்டார்கள்.

யார் செய்வது என்பதற்கு பீஹாரின் நாளந்தா மாவட்டத்திலிருந்து ஒரு பாடம். அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மனநலத்தையும் பள்ளிச் சூழலையும் மேம்படுத்தும் ஒரே திட்டத்தை, சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும் சில பள்ளிகளில் வெளியிலிருந்து வந்த சாதாரண ஆலோசகர்களிடமும் கொடுத்தார்கள். சிபிடியைவிட விரிவான திட்டம் அது. 2018இல் வெளியான முடிவின்படி, ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் செய்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மார்க் போடுகிறவரிடம், அப்பாவை அழைத்துவரச் சொல்கிறவரிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? ஆசிரியைகள் மீதும் தப்பில்லை. பாடம், தேர்வு, கணக்கெடுப்பு, சத்துணவு, எமிஸ் பதிவு எல்லாவற்றுக்கும் மேல் இதையும் அவர்கள் தலையில் வைத்தால், வைத்த சுமைதான் மிஞ்சும். பெண்களின் நேரம் இலவசம் என்று நினைக்கும் திட்டங்கள் எல்லாமே இப்படித்தான் முடியும்.

யாழ்ப்பாணத்துச் சிறுமிகள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த முறைகளைக் கொண்டுசேர்க்கும் முயற்சிகள் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்திருக்கின்றன. போரும் 2004 சுனாமியும் அடுத்தடுத்துத் தாக்கிய ஊர்களில், உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. 31 பிள்ளைகள். பாதிப் பேர் நடந்ததைக் கதையாகச் சொல்லிக் கடக்கும் முறையில் போனார்கள். மீதிப் பேர் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரண்டு குழுக்களும் நன்றாகத் தேறின.

அடுத்த ஆய்வு பெரியது. 2012இல் வெளியானது. வடக்கில் 9 முதல் 12 வயது வரையிலான 399 பிள்ளைகள். சிபிடி முறைகளையும் ஆடல், பாடல், வரைதல் போன்றவற்றையும் சேர்த்து, ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். நடத்தியவர்கள் உள்ளூரில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். விளைவு கலவையானது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. பையன்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்க்குறிகளிலும் பதற்றத்திலும் பலன் தெரிந்தது. சிறுமிகளுக்கோ, வகுப்பில் சேர்ந்தவர்களைவிட, சேராமல் காத்திருந்தவர்களுக்கே அந்த அதிர்ச்சிக் குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. அதாவது, அந்த ஒரு விஷயத்தில், வகுப்பு சிறுமிகளின் இயல்பான தேறுதலைத் தாமதப்படுத்தியிருக்கலாம்.

ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். அது பெரிய விஷயம். அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே வகுப்பு கூடுதலாக உதவியது என்றும் சொன்னார்கள். சிறுமிகளுக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரே பதில் இல்லை. நான் அதை வாசிக்கும் விதம் இது: வகுப்பு முடிந்து பையன் தெருவுக்குப் போகிறான், சிறுமி வீட்டுக்குள் போகிறாள். பயத்தைக் கிளறிவிட்ட பிறகு அதை நடந்து, ஓடி, விளையாடிக் கரைக்க ஒரு வெளி வேண்டும். சோதனைச் சாவடியும் சீருடை ஆண்களும் உள்ள ஊரில், அந்த வெளி பெண்பிள்ளைக்கு எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பது சமத்துவம்போலத் தெரியும். வகுப்புக்கு வெளியே இருக்கும் உலகம் இருவருக்கும் ஒன்றில்லை.

பயம் உண்மை, குற்றவுணர்வு பொய்

ஒரு பயிற்சியில் நாங்கள் நடித்துப் பார்க்க ஒரு கதை கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி. பள்ளிக்கு வர மறுக்கிறாள். வயிற்றுவலி என்கிறாள், மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். சாயங்காலம் ஆனால் நெஞ்சு படபடக்கிறது. அவளுடைய தவறான எண்ணத்தைக் கண்டுபிடியுங்கள் என்பது கேள்வி. எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளர் மட்டும் எழுதவில்லை. "மேடம், அந்தப் பிள்ள எந்த ஊரு? கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு? அதவிட்டா கருவக்காட்டுக்குள்ள நடந்துல்ல போகணும்?" என்று கேட்டார். நாங்கள் கொடுத்த கையேட்டில் பஸ் கிடையாது. அன்று மதியம் முழுக்க பஸ்ஸைப் பற்றித்தான் பேசினோம்.

சிபிடியின் மேல் பெண்ணியவாதிகள் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான்: உலகம் கோணலாக இருக்கும்போது, பெண்ணின் எண்ணத்தை நிமிர்த்தப் பார்க்கிறீர்கள். குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் இந்தச் சிகிச்சையின் வரலாற்றுக்குள்ளேயே அதற்குப் பதிலும் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்காக எஸ்தர் டெப்ளிங்கர், ஜூடித் கோகன், ஆன்டனி மன்னரினோ ஆகியோர் உருவாக்கிய சிபிடி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வன்முறையில் பங்கில்லாத பெற்றோரை, பெரும்பாலும் தாயை, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அது உள்ளே கொண்டுவந்தது. அந்தப் பிள்ளையின் பயத்தை அது பொய் என்று சொல்வதில்லை. நடந்தது நடந்ததுதான். அது பொய் என்று எடுத்துக்காட்டும் எண்ணம் வேறு: 'என்னால்தான் இப்படி ஆச்சு', 'நான் அழுக்காயிட்டேன்', 'நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க'. இந்த எண்ணங்களை அவள் தலைக்குள் வைத்தது யார்? குச்சிலில் இருந்து தொடங்கிய அந்தப் பழைய பாடத்திட்டம்தான். ஆக, பெண்பிள்ளைக்கான சிகிச்சையில் திருத்த வேண்டிய தவறான எண்ணம், பெரும்பாலும், ஊர் அவளுக்குக் கற்பித்த எண்ணம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் சிபிடி பெண்ணியக் கருவி. தெரியாதவர் கையில் அது இன்னொரு வேப்பிலை.

பயம் உண்மையாக இருக்கும் இடத்தில் மாற்ற வேண்டியது சூழலை. இதற்கும் நமக்கு முன்மாதிரிகள் உண்டு. 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் போனில் காதுகொடுத்துக் கேட்க வைத்ததோடு நிற்கவில்லை. தேர்வில் தோற்ற பிள்ளை ஒரு வருடத்தை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் துணைத்தேர்வு வந்தது. 'எல்லாம் முடிஞ்சு போச்சு' என்ற எண்ணத்தை ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துத் திருத்துவதற்குப் பதில், எதுவும் முடிந்துபோகாதபடி விதியையே மாற்றியது அது.

இன்னொன்று, எங்கள் ஊரைப் போன்றே வறண்ட புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம், ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கூலி வேலைக்குப் போனவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், பள்ளி மாணவிகள் எல்லோரும் ஓட்டினார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளிப் போட்டிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 'விழுந்துருவேன்', 'ஊரு சிரிக்கும்' என்ற இரண்டு எண்ணங்களை, கையேடு எதுவும் இல்லாமல், தெருவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். முன்னே ஓட்டிப் போன ஒருத்தியைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பீட்டருக்குப் பக்கத்தில் விளையாடவிட்ட பயப்படாத பிள்ளைகளைப் போல. விழுந்தது சிலர், சிரித்தது ஊர், இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டார்கள்.

நரிக்குடிக்கு வேண்டியது

எங்கள் ஒன்றியத்தில் குழந்தைகளின் மனநலத்துக்காக வேலை செய்யப்போகிறவர்களுக்கு எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலிருந்து சில விஷயங்களைச் சொல்வேன்.

பயிற்சியின் முதல் பாடம் எண்ணப் பட்டியலாக இருக்கக் கூடாது. ஊரின் படமாக இருக்க வேண்டும். பள்ளி எங்கே, பஸ் எங்கே, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, யார் வீட்டில் அம்மா திருப்பூருக்கு மில் வேலைக்குப் போயிருக்கிறாள், எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெரு வழியாக வந்தால் பேச்சு வரும். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டால், எது சோதித்துப் பார்க்க வேண்டிய எண்ணம், எது பஞ்சாயத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் எழுத வேண்டிய மனு என்று தெரியும்.

இரண்டாவது, சட்டம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 எண்ணையும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மாமாவைக் கண்டு நடுங்கும் சிறுமிக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது.

மூன்றாவது, மேற்பார்வை. மாதம் ஒருமுறை அரை நாள். கேட்டதைச் சுமக்கிறவர்களுக்கும் இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும். நரிக்குடிக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. விருதுநகரிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு மருத்துவ உளவியலாளர் மாதம் ஒருநாள் வருவது முடியாத காரியமில்லை.

நான்காவது, சம்பளம். தன்னார்வம், சேவை, தாய்மை என்ற பெயர்களில் பெண்களிடமிருந்து வாங்கும் வேலைக்கு, வேலை என்றே பெயர் வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். மேரி கவர் ஜோன்ஸ் 1959 வரை காத்திருந்ததைப்போல, எங்கள் அங்கன்வாடிப் பெண்களும் ஓய்வு பெறும் வரை காத்திருக்க முடியாது.

இதெல்லாம் பெரிய ஆசைகள் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோகும் ஒரு பெண்ணுக்கு அடுத்தது என்ன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: மில் அல்லது மாப்பிள்ளை. அவளுடைய வயிற்றுவலிக்குப் பின்னால் இருக்கும் பயத்தை ஒருவர் சரியாகக் கேட்டுவிட்டால், அவள் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். பயிற்சி என்று நாம் பேசுவது கடைசியில் இந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான்.